எரிந்த மலையும் இடிந்த மலையும்: உன்சென் மலைத்தொகுதியின் வரலாறு

யப்பானின் பெருந்தீவுகளுள் தெற்கே அமைந்த கியூசுத் தீவின் மேற்குப் புறத்தில், நாகசாக்கி நகருக்குக் கிழக்கே, கடலினுள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி சிமபாராக் குடாநாடு எனப்படும். 1945ஆம் ஆண்டின் அணுகுண்டினால் நாகசாக்கி உலகறிந்த பெயராயிற்று. அதன் அயலிலுள்ள சிமபாரா அத்துணை அறியப்படாதது. இக்குடாநாட்டின் நடுவே பல முகடுகளாக எழுந்து நிற்பதே உன்சென் மலைத்தொகுதியாகும். எழுத்துச் சான்றுள்ள காலத்தில் இது மும்முறை கனன்றுள்ளது. முதலாவது 1663இல், இரண்டாவது 1792இல், மூன்றாவது 1990 முதல் 1995 வரை. இவற்றுள் இரண்டாவது, யப்பானின் வரலாற்றிலே எரிமலையோடு தொடர்புடைய பேரழிவுகள் யாவற்றிலும் கொடியது. ஏறத்தாழ 15,000 பேர் அதில் மாண்டனர். ஆயினும் அவர்களைக் கொன்றது எரிந்துகொண்டிருந்த மலையன்று; அதற்குக் கிழக்கே, நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எரியாது நின்ற வேறொரு மலையாகும்.

எரிமலையைப் பற்றி எழுதுவது புவியியல் பயிலும் மாணவருக்குரிய பணி. வரலாற்று மாணவன் அதில் ஏன் தலையிட வேண்டும் என நண்பர் ஒருவர் வினவினார். 1792ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நாம் இன்று நாள்வாரியாக அறிய முடிவதற்குக் காரணம், அக்காலத்து எழுத்தர்களும் ஓவியர்களும் கோவிற் குருமாரும் விட்டுச்சென்ற பதிவுகளேயாகும். இவ்வளவு விரிவாகப் பதிவு பெற்ற ஒரு மலை, 199 ஆண்டுகளின் பின்னர் மீண்டும் 43 பேரை ஒரே மாலைப்பொழுதில் எவ்வாறு பலிகொள்ள முடிந்தது? இவ்வினாவே இக்கட்டுரையைத் தூண்டியது. அதற்கு விடை காண்பதற்கு வரலாற்றையும் புவிச்சரிதவியலையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

முதற்கண் மலைத்தொகுதியின் அமைப்பினை நோக்குவோம். சிமபாராக் குடாநாடு வடக்குத் தெற்காக இழுபட்டு விரிந்துகொண்டிருக்கும் நிலமாகும். இவ்வாறு இழுபடுவதனால் கிழக்கு மேற்காக ஓடும் நிலப்பிளவுகள் தோன்றி, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி கீழே தாழ்ந்துள்ளது. தாழ்ந்த அப்பள்ளத்தினுள் ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகளாக எரிமலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து, பள்ளத்தை நிரப்பி, அதற்கு மேலும் உயர்ந்துள்ளன. மலை உயர்வதும் நிலம் தாழ்வதும் ஒருங்கே நிகழும் இடம் இது. எனவேதான் உன்சென் ஒற்றைக் கூம்பாக அமையாது நோ, மியோகென், குனிமி, பூகென் முதலிய முகடுகளின் கூட்டமாக அமைந்துள்ளது. இவற்றுள் 1359 மீற்றர் உயரமுள்ள பூகென் முகடே, வரலாற்றுக் காலத்தில் நிகழ்ந்த மூன்று கனல்வுகளுக்கும் நிலைக்களன். பூகென் என்பது மகாயான பௌத்தத்தின் சமந்தபத்திர போதிசத்துவருக்கு யப்பானியர் வழங்கும் பெயர்.

பூகென் முகட்டுக்குக் கிழக்கே நாலைந்து கிலோமீற்றர் தொலைவில், சிமபாரா நகரின் முதுகுப்புறத்திலே தனித்து நிற்பது மாயு மலை. மாயு என்றால் புருவம் எனப் பொருள்படும். இதுவும் உன்சென் தொகுதியைச் சேர்ந்ததே. நாலாயிரம் முதல் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றிய இரு லாவாக் குவிமாடங்களால் ஆனது. இன்று அதன் உயரம் 819 மீற்றர். மாயு மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்திலேதான் கோட்டையும் நகரும் அமைந்தன. வரைபடத்தில் இதனைக் கண்ணுறும் எவருக்கும் நெஞ்சு சற்றுத் துணுக்குறும்.

இம்மலைகளை ஆக்கிய லாவா பெரும்பாலும் தேசைற்று என்னும் வகையினது. அதில் சிலிக்கா நூற்றுக்கு 65 பங்கு வரை உண்டு. சிலிக்கா மிகுந்த பாறைக்குழம்பு இளகி ஓடாது. ஹவாய்த் தீவுகளின் லாவா கூழ் போன்றது எனில், உன்சென்னின் லாவா களி போன்றது. கூழ் வழிந்தோடும், களியோ வார்த்த இடத்திலேயே குவிந்து நிற்கும். அவ்வாறு குவிந்து இறுகும் மேட்டினையே குவிமாடம் என்கின்றோம். செங்குத்தான ஓரங்களும் உள்ளே வெடிப்புகளும் உடைய இத்தகைய குவிமாடங்கள் உறுதியானவை போலத் தோன்றினும் எளிதில் இடியக்கூடியவை. உன்சென்னின் வரலாறு முழுவதும் இவ்வொரு பண்பிலே தங்கியுள்ளது எனினும் மிகையாகாது.

இன்னுமொரு செய்தியும் இங்கு அறியத்தக்கது. பாறைக்குழம்பு பூகென் முகட்டுக்கு நேர் கீழிருந்து எழுவதில்லை. மேற்கேயுள்ள தாச்சிபானா விரிகுடாவின் அடியிலிருந்து கிழக்கு நோக்கிச் சாய்வாக ஏறி வருகின்றது. மேற்குக் கரையிலுள்ள ஒபாமா என்னும் ஊரின் ஊற்றுகளில் நீர் ஏறத்தாழக் கொதிநிலையிலேயே வெளிப்படுவதற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகின்றது. அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதிக்கும் இவ்வூருக்கும் பெயரளவிலேயே ஒற்றுமை.

இவ்வெந்நீர் ஊற்றுகள் வரலாற்றில் இழிவான பணியொன்றுக்கும் பயன்பட்டுள்ளன. 1627 முதல் சில ஆண்டுகள், மதத்தைக் கைவிட மறுத்த கிறித்தவர்கள் உன்சென்னின் கொதிக்கும் ஊற்றுகளுக்குக் கொண்டுவரப்பட்டு வதைக்கப்பட்டனர். மற்சுகுரா குடும்பத்தினரின் ஆட்சிக்காலம் அது. அவர்களின் வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் 1637இல் பெருங்கிளர்ச்சியாக வெடித்தன. அடுத்த ஆண்டு ஹாராக் கோட்டை வீழ்ந்தபோது கிளர்ச்சியாளர் ஏறக்குறைய முற்றாக அழிக்கப்பட்டனர். குடாநாட்டின் தென்பகுதி ஆளற்றுப் போயிற்று. வேறு மாநிலங்களிலிருந்து குடியேற்றவாசிகள் கொண்டுவரப்பட்டனர். இதனை இங்கே கூறுவதற்கு ஒரு காரணமுண்டு. ஒரு நிலத்தைப் பற்றிய நினைவு அதில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களிடமே தங்குகின்றது. 1663இல் பூகென் கனன்றபோது, தென்பகுதியில் வாழ்ந்தோருட் பலர் அம்மலையைக் கண்டு ஒரு தலைமுறையே ஆன புதியவர்கள். அதற்கு முந்திய மலையின் நடத்தை பற்றி வாய்மொழி மரபு ஏதும் இருந்திருப்பினும் அது அவர்களிடம் வந்து சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

1663ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சிறியது. லாவா ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம் வழிந்தது. அடுத்த ஆண்டு, மலையிலிருந்த பழைய எரிமலைவாய் ஒன்றிலே தேங்கிய நீர் உடைத்துப் பாய்ந்ததில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் மலை 128 ஆண்டுகள் அமைதியாய் இருந்தது.

1791 நவெம்பரில் குடாநாட்டின் மேற்குப் பகுதி நடுங்கத் தொடங்கிற்று. ஒபாமா ஊரிலே நடுக்கம் மிகுதியாக உணரப்பட்டது. 1792 பெப்ரவரி 10ஆம் நாள் பூகென் முகட்டிலிருந்து புகையும் சாம்பலும் எழுந்தன. மார்ச் முதல் லாவா வெளிப்பட்டு மலைச்சரிவிலே மிக மந்தமாக நகர்ந்து, ஏறத்தாழ இரண்டு மாத காலத்தில் இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் சென்றது. புதிய எரிவு எனப் பொருள்படும் சின்யாக்கே என்னும் பெயரால் இது இன்றும் வழங்குகின்றது. இரவிலே செந்நிறமாய் ஒளிவிடும் இக்காட்சியைக் காண நகரத்தவர் கூட்டங்கூட்டமாக மலையேறினர். அவர்களுக்கு உணவும் மதுவும் விற்கும் தற்காலிகக் கடைகளும் தோன்றின. இறுதியில் ஆட்சியாளர் வேடிக்கை பார்க்கச் செல்வதைத் தடைசெய்ய நேர்ந்தது. அழிவின் வாயிலிலே கடை பரப்பும் இயல்பு மனிதருக்கு எக்காலத்தும் உரியது போலும்.

ஏப்ரல் 21ஆம் நாளிலிருந்து நிலைமை மாறிற்று. நடுக்கம் இப்போது கிழக்கே, நகரின் அடியிலேயே நிகழ்ந்தது. மாயு மலையிலிருந்து பாறைகள் உருண்டன. நிலத்திலே வெடிப்புகள் தோன்றின. மக்கள் அஞ்சி நகரை விட்டு வெளியேறினர். ஆனால் நாள்கள் செல்லச் செல்ல நடுக்கம் தணிந்தது. பூகென் முகட்டின் லாவாவோ தொலைவில் இருந்தது. அது நகரை அடையப்போவதில்லை என்பது தெளிவாயிற்று. வெளியேறியவர்களுட் பலர் வீடு திரும்பினர். அவர்கள் அறிவற்றவர்கள் என்று கூறிவிட முடியாது. தொழிலும் உடைமையும் நகரில் இருக்க, அடங்கிவிட்டது போலத் தோன்றும் ஒரு மலைக்கு அஞ்சி எத்தனை நாள் அயலூரில் தங்குவது?

மே 21ஆம் நாள் இரவு எட்டு மணியளவில் இரு கடும் நடுக்கங்கள் அடுத்தடுத்து ஏற்பட்டன. யப்பானியரின் பழைய நாட்காட்டியில் அது நாலாம் மாதத்தின் முதல் நாள். அதாவது நிலவற்ற இரவு. அந்த இருளிலே மாயு மலையின் கிழக்குப் பாதி அடியோடு பெயர்ந்து, நகரின் தென்பகுதியையும் அயற் கிராமங்களையும் மூடிக்கொண்டு அரியாக்கே கடலினுள் இறங்கிற்று. பெயர்ந்த பாறையும் மண்ணும் ஏறத்தாழ 0.34 கன கிலோமீற்றர், அதாவது 34 கோடி கன மீற்றர் எனக் கணித்துள்ளனர். என்ன நிகழ்ந்தது என்பதை அவ்வேளையில் எவராலும் கண்டிருக்க முடியாது. விடிந்தபோது மலையின் உருவமே மாறியிருந்தது; கடலிருந்த இடத்திலே சிறு தீவுகள் பல முளைத்திருந்தன. தொண்ணூற்றொன்பது தீவுகள் எனப் பொருள்படும் பெயரால் அவை வழங்கலாயின. அவற்றுள் எஞ்சியுள்ளவை இன்றும் சிமபாராத் துறைமுகத்தின் அருகே பசுமையாய்க் காட்சி தருகின்றன. அழகிய இத்தீவுகள் ஒவ்வொன்றும் இடிந்த மலையின் ஒரு துண்டு என்பதை உல்லாசப் பயணிகள் அனைவரும் அறிவார்களோ தெரியாது.

அழிவு அத்துடன் நின்றுவிடவில்லை. கடலினுள் விழுந்த மலை பேரலைகளை எழுப்பிற்று. 2004 டிசெம்பர் 26இன் பின்னர் நம் நாட்டிலே சிறு பிள்ளையும் அறிந்த சொல்லாகிவிட்ட சுனாமி என்பது இந்நாட்டாரின் மொழிக்குரிய சொல்லேயாகும். நாம் கண்ட அலை தொலைவிலே ஆழ்கடலின் அடித்தளம் அசைந்ததால் எழுந்தது. சிமபாராவின் அலையோ ஒரு மலை விழுந்ததால், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் மட்டுமே அகலமுள்ள ஓர் உள்நாட்டுக் கடலில் எழுந்தது. எதிர்க்கரையிலே ஹிகோ மாநிலம், அதாவது இன்றைய குமமோற்றோ, இருந்தது. அங்கும் அமக்குசாத் தீவுகளிலும் ஏறத்தாழ 5,000 பேர் அலையில் மாண்டனர். அவர்களுக்கு நடுக்கமும் தொலைவிலே. எரியும் மலையும் தொலைவிலே. சிமபாராப் பக்கத்தில் இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர். சிமபாராவிற்குப் பேரிடர், ஹிகோவிற்கு இன்னல் என்னும் பொருள்பட யப்பானியர் இந்நிகழ்ச்சியை ஒரு தொடராகவே வழங்குகின்றனர். தன்னுடையதல்லாத ஒரு மலையினால் அழிந்த எதிர்க்கரையின் மனக்குறை அதிலே ஒலிப்பதாக எனக்குப் படுகின்றது. சிமபாராவின் தலைவர் மற்சுடைரா தடஹிரோவும் அவ்வாண்டிலேயே காலமானார்.

இனிப் பதிவுகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சிமபாரா ஆட்சியாளர் இழப்புகளைக் கணக்கிட்டனர். லாவாவின் போக்கையும் இடிந்த மலையையும் புதிய கரையோரத்தையும் வண்ணப் படங்களாக வரைவித்தனர். இரு கரைகளிலும் அலையில் மாண்டவர்க்கு நினைவுக்கற்கள் நாட்டப்பட்டன. குமமோற்றோக் கரையில் அலை எட்டிய எல்லையைக் குறிக்கும் கற்களும் உள்ளன. இவற்றின் துணைகொண்டே பிற்கால ஆய்வாளர் அலையின் உயரத்தைக் கணித்தனர். கல்லில் வெட்டிய எழுத்து ஆய்வுகூடக் கருவியின் பணியைச் செய்த இடம் இது.

ஆயினும் மாயு மலை ஏன் இடிந்தது என்பதில் நெடுங்காலம் கருத்து வேற்றுமை நிலவிற்று. மலைக்குள்ளே ஏற்பட்ட வெடிப்பே காரணம் என ஒரு சாராரும், புவிநடுக்கத்தால் விளைந்த சரிவே என மற்றொரு சாராரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வாதிட்டு வந்தனர். இவ்வாதத்திற்குப் புதிய ஒளி பாய்ச்சியது யப்பானிய நிகழ்ச்சியன்று. 1980 மே 18ஆம் நாள் அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலையின் வடபுறம் முழுவதும் பெயர்ந்து சரிந்ததை அறிவியலாளர் கண்முன்னே கண்டனர். எரிமலைகள் வெடிப்பது மட்டுமன்றி இடிவதும் அவற்றின் இயல்பே என்பது அதன் பின்னரே நன்கு உணரப்பட்டது. மாயு மலையின் இடிபாட்டில் புதிய பாறைக்குழம்பின் சான்று இல்லை. நடுக்கமும், வெப்பத்தாலும் நிலத்தடி நீராலும் நலிந்த பழைய பாறையும் சேர்ந்தே அதனை வீழ்த்தின என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து.

சென் ஹெலன்ஸ் சரிவினை ஆராய்ந்தவர்களுள் ஹரி கிளிக்கன் என்னும் இளம் ஆய்வாளர் ஒருவர். வெடிப்புக்கு முந்திய நாள் வரை மலையின் எதிரே அமைந்த அவதானிப்பு நிலையத்திலே பணியாற்றியவர் அவர். மே 17ஆம் நாள் மாலை டேவிட் ஜோன்ஸ்ரன் என்பவர் அவ்விடத்துக்கு வர, கிளிக்கன் புறப்பட்டுச் சென்றார். மறுநாட் காலை ஜோன்ஸ்ரன் இறந்தார். இப்பெயரைச் சற்று நினைவில் வைத்திருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

198 ஆண்டுகளின் பின், 1989 நவெம்பரில் தாச்சிபானா விரிகுடாவின் அடியில் நடுக்கங்கள் தொடங்கின. அடுத்த ஓராண்டில் அவை சிறிது சிறிதாகக் கிழக்கு நோக்கி நகர்ந்தன. 1791ஆம் ஆண்டுப் பதிவுகள் கூறிய அதே ஒழுங்கு இது. மேற்கே தொடங்கிக் கிழக்கே வரும் ஒழுங்கு. 1990 நவெம்பர் 17ஆம் நாள் பூகென் மீண்டும் புகைந்தது. வரலாற்றுப் பதிவு இங்கே நன்கு பயன்பட்டது. மலை அடுத்து என்ன செய்யும் என்பதை முன்னுணர முன்னோரின் நாட்குறிப்புகள் துணைபுரிந்தன. நகரத்தவரும் அதிகாரிகளும் 1792ஐ நினைவுகூர்ந்தனர். மாயு மலை மீண்டும் இடியுமோ என்பதே அவர்களது அச்சம். மலையின் அசைவைக் கண்காணித்தனர்.

மாயு மலை அசையவில்லை. 1991 மே 20ஆம் நாள் பூகென் முகட்டின் கிழக்கு விளிம்பிலே லாவாக் குவிமாடம் தலைகாட்டிற்று. மே 24ஆம் நாள் அதிலிருந்து ஒரு பகுதி உடைந்து சரிவிலே பாய்ந்தது. யப்பானிய மொழியில் இதனைக் கசாய்ரியு என்பர். நெருப்பு, நொறுங்கல், ஓட்டம் என்னும் மூன்று கருத்துகளின் கூட்டுச்சொல் அது; நாம் கனல்துகள் ஓட்டம் எனலாம். அச்சொல் அதுவரை பொதுமக்கள் அறியாத கலைச்சொல்லாகவே இருந்தது. குவிமாடத்திலிருந்து பெயரும் பாறைத்துண்டுகள் இன்னும் பல நூறு பாகை வெப்பமுடையவை. விழும்போது அவை நொறுங்க, உள்ளே அடைபட்ட வாயு வெளியேற, கல்லும் சாம்பலும் வாயுவும் கலந்த திரள் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவான வேகத்திலே பள்ளத்தாக்கு வழியே பாய்கின்றது. கனமான பாறைகள் பள்ளத்தாக்கினுள் அடங்கிச் செல்லும். அவற்றுக்கு மேலே எழும் வெப்பச் சாம்பல் முகிலோ பள்ளத்தாக்கைப் பொருட்படுத்துவதில்லை. வளைவுகளிலே அது நேரே மேடேறிச் செல்லும். 1902இல் மார்ற்றினிக் தீவின் சென் பியர் நகரம் இத்தகைய முகிலிலேதான் அழிந்தது.

1663இலும் 1792இலும் இவ்வாறு நிகழவில்லை. லாவா வழிந்து நகர்ந்ததே அன்றி நொறுங்கி வீழவில்லை. இம்முறை குவிமாடம் செங்குத்தான சரிவின் விளிம்பிலே வளர்ந்தமை இவ்வேறுபாட்டுக்கு ஒரு முக்கிய காரணம். ஆனால் எழுத்து இல்லாத காலத்திலே உன்சென் இதனைப் பலமுறை செய்துள்ளது. மலையடியிலுள்ள பழைய படிவுகள் அதற்குச் சான்று. மாயு மலை தோன்றிய காலத்திலேயே கனல்துகள் ஓட்டம் நிகழ்ந்துள்ளது. ஏட்டிலே இரு கனல்வுகள், பாறையிலே எண்ணற்றவை. நாம் ஏட்டினை வரலாறு என்கின்றோம். பாறையை அவ்வாறு அழைக்கத் தயங்குகின்றோம். நகரத்தின் நினைவு 1792 என்னும் ஓர் ஆண்டிலே குவிந்து, கண்களை மாயு மலைமேல் நிறுத்திற்று என்பதே என் கருத்து. அந்நினைவு பொய்யன்று. அது சிறியது.

மிசுநாசி ஆற்றின் கரையிலே கிற்றக்கமிக்கோபா என்னும் சிற்றூர் உண்டு. மிசுநாசி என்றால் நீரில்லாதது; பெரும்பாலும் வறண்டே கிடக்கும் ஆறு. ஊரவர் புகையிலைச் செய்கையாளர். மே 26ஆம் நாள் அவ்வூரை விட்டு வெளியேறுமாறு ஆலோசனை வழங்கப்பட்டது. ஆலோசனை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனை மீறியவரைத் தடுக்கும் சட்டவலு அதற்கு இல்லை. முகட்டிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தொலைவிலே, குவிமாடத்தை நேரெதிரே படம்பிடிக்க வசதியான ஓரிடம் இருந்தது. செய்தியாளர்கள் அங்கே நாள்தோறும் கூடினர். நிலையான புள்ளி என்னும் பெயரே அதற்கு உண்டாயிற்று. அவர்களுட் சிலர் ஆளற்ற வீடுகளுட் புகுந்து மின்சாரத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினர். இதனால், பாதுகாப்பான இடத்துக்குப் பின்வாங்கியிருந்த உள்ளூர்த் தொண்டர் தீயணைப்புப் படையினர், தம் அயலவரின் வீடுகளைக் காப்பதற்காக யூன் 2ஆம் நாள் மீண்டும் ஊருக்கு வந்தனர்.

யூன் 3ஆம் நாள் வானம் மூடியிருந்தது, முகடு தெரியவில்லை. மாலை 4 மணி 8 நிமிடமளவில் அதுவரை கண்டவற்றினும் பெரிய கனல்துகள் ஓட்டம் இறங்கிற்று. பாறைத்திரள் பள்ளத்தாக்கிலே தங்கிற்று. சாம்பல் முகில் மேடேறி ஊரை மூடிற்று. 43 பேர் மாண்டனர். செய்தித்துறையினர் 16 பேர், அவர்களுக்காகக் காத்திருந்த வாடகைக் கார்ச் சாரதிகள் 4 பேர், தொண்டர் தீயணைப்பாளர் 12 பேர், வெளியேறுமாறு வற்புறுத்தச் சென்ற பொலிசார் இருவர், எரிமலையியலாளர் மூவர், ஊரவரும் பிறரும் 6 பேர். எரிமலையியலாளர் மூவருள் இருவர், உலகெங்கும் எரிமலைகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற பிரெஞ்சுத் தம்பதியர் மொறிஸ் கிராப்ற், கத்தியா கிராப்ற். மூன்றாமவர் ஹரி கிளிக்கன். அவருக்கு அப்போது வயது 33. மலை இடிவதை ஆராய்ந்து பெயர்பெற்றவர், வரலாற்றிலே மிகக் கொடிய மலையிடிவு நிகழ்ந்த ஊரின் அருகே, வேறொரு வகை அழிவிலே இறந்தார்.

செய்தியாளர் மீது மட்டும் பழி சுமத்துவது எளிது. யப்பானிலும் அவ்வாறு பலர் சுமத்தினர். ஆனால் அறிவியலாளரும் அங்கேதான் நின்றனர். முந்திய நாள்களின் சிறு ஓட்டங்கள் குறித்த இடத்துக்கு அப்பால் வரவில்லை என்பதை எல்லாருமே கண்டிருந்தனர். ஒரு கிழமை அனுபவத்தை மலையின் இயல்பென்று எண்ணியமையே பிழை. எனக்கு மிகவும் உறுத்துவது தீயணைப்பாளரின் சாவு. படம்பிடிக்க வந்தவரைப் போல அவர்கள் தம் விருப்பினால் அங்கே நிற்கவில்லை. 1792இலே வேடிக்கை பார்க்கச் செல்வோரை ஆட்சியாளர் ஓர் ஆணையால் தடுத்தனர். 1991இன் அரசிடம் அன்று இருந்தது வெறும் ஆலோசனை மட்டுமே.

யூன் 7ஆம் நாள் சிமபாரா நகரபிதா கனெகாயே கனிச்சி, நுழைந்தால் தண்டனைக்குரிய எச்சரிக்கை வலயத்தைச் சட்டப்படி அறிவித்தார். மக்கள் வாழும் ஊர்களை இவ்வாறு மூடுவது யப்பானில் முன்னொருபோதும் நிகழாதது. பயிரும் கால்நடையும் உள்ளே கிடக்க, மக்களை வெளியே நிறுத்துவது எளிய முடிவன்று. மறுநாள் யூன் 8இலே முந்தியதை விடப் பெரிய ஓட்டம் இறங்கி மேலும் தொலைவு சென்றது. எவரும் இறக்கவில்லை. செப்ரெம்பர் 15ஆம் நாள் ஓனோகோபா ஆரம்பப் பாடசாலை எரிந்தது. அங்கும் பிள்ளைகள் இல்லை. பின்னர் 1993 யூன் மாதத்தில், மூடிய வலயத்தினுள் தம் வீட்டைப் பார்க்கச் சென்ற ஒருவர் இறந்தார். நான்காண்டுகளுக்கு மேல் நீடித்த இக்கனல்வில் ஏறத்தாழ 9,400 கனல்துகள் ஓட்டங்கள் பதிவாகின. அத்தனையிலும் மனித உயிர் குடித்தவை இவ்விரண்டே.

கிராப்ற் தம்பதியரின் பணி அவர்களுடன் முடியவில்லை. எரிமலை ஆபத்துகளை விளக்கி அவர்கள் ஆக்கிய படம் அவ்வேளையில் பிலிப்பைன்சிலே பினரூபோ மலையடிவாரத்து அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டது. யூன் 15ஆம் நாள் அம்மலை பெருவெடிப்புக்கு உள்ளாகுமுன் பல்லாயிரவர் வெளியேற்றப்படுவதற்கு அப்படமும் ஒரு காரணம் என்பர்.

1995இன் தொடக்கத்திலே லாவா வெளிப்படுவது நின்றது. வெளிவந்த பாறைக்குழம்பின் மொத்தம் ஏறத்தாழ 0.2 கன கிலோமீற்றர். புதிய குவிமாடத்துக்கு ஹெய்செய் காலத்துப் புதுமலை எனப் பொருள்படும் ஹெய்செய் சின்சான் என்னும் பெயர் 1996இல் வழங்கப்பட்டது. 1483 மீற்றர் உயரமுள்ள அதுவே இன்று தொகுதியின் மிக உயர்ந்த முகடு. மழைக்காலங்களில் சாம்பலும் சேறும் மிசுநாசி ஆற்றின் வழியே பெருகி வீடுகளைப் புதைத்தன. அனக்கா என்னும் பகுதியின் மக்கள், அச்சேற்றையே கொட்டித் தம் நிலம் முழுவதையும் சில மீற்றர் உயர்த்தி அதன்மேல் மீண்டும் குடியமர்ந்தனர். இதனை வேண்டி நின்றவர்கள் அம்மக்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வாளரும் வாளாவிருக்கவில்லை. கனல்வு ஓய்ந்து பத்தாண்டு ஆகுமுன், மலையின் வடசரிவிலிருந்து சாய்வாகத் துளையிட்டு, பாறைக்குழம்பு ஏறிவந்த குழாயினையே 2004இல் எட்டினர். துளையின் நீளம் ஏறத்தாழ 2,000 மீற்றர். அங்கே கடும் வெப்பத்தை எதிர்பார்த்தவர்கள் கண்டது 200 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பமே. நிலத்தடி நீர் குழாயை அவ்வளவு விரைவாகக் குளிர்வித்திருந்தது.

நிலையான புள்ளியின் அருகே சாம்பலினுள் புதைந்த ஒளிப்பதிவுக் கருவியொன்று 2005இல் கண்டெடுக்கப்பட்டது. அதனுள்ளிருந்த நாடா உருகிச் சிதைந்திருந்தும் படம் மீட்கப்பட்டது. 2021இல், முப்பதாண்டு நிறைவின்போது, புதைந்திருந்த வாகனங்களும் தோண்டியெடுக்கப்பட்டு அவ்விடத்திலேயே வைக்கப்பட்டன.

ஹெய்செய் சின்சான் இன்று எரியவில்லை. ஆயினும் செங்குத்தான கிழக்குச் சரிவின்மேல் தளர்ந்து நிற்கும் அக்குவிமாடம், கருவிகள் நிறுவப்பட்ட காலந்தொட்டு ஒரு மீற்றருக்கு மேல் கிழக்கே நகர்ந்துள்ளது. பெருநடுக்கம் ஒன்று வரின் அது இடியக்கூடும் என அஞ்சி, அதனைச் சூழ்ந்த பகுதியினுள் மக்கள் நுழைவதை இன்னும் தடுத்து வைத்துள்ளனர். 1792இல் மாயு மலை நின்ற நிலையில், எரியாத பழைய குவிமாடமாக, இப்போது அதுவே நிற்கின்றது.